எத்தனை பேர் வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் ஏதெக்வினி (டர்பன்) மாநகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மேயர் அவர்களுக்கும் மன்றத்தின் 222 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சனிபோனானி.

மார்ச் மாதம் முடிவதற்குள் அடுத்த நிதியாண்டின் வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைப்பீர்கள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் பேட்டை பேட்டையாகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பீர்கள். ஜூனுக்குள் நிறைவேற்றி, ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவருவீர்கள். அந்தக் கூட்டங்களில் எங்கள் ஆட்கள் எழுந்து நின்று குழாயையும் விளக்கையும் சாலைப் பள்ளத்தையும் பற்றிப் பேசுவார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். நான் இந்த ஆண்டு ஓர் எண்ணை மட்டும் கேட்கப்போகிறேன். தேடி எடுக்க உங்களுக்கும் அவகாசம் வேண்டுமே என்று இப்போதே எழுதிக் கேட்கிறேன்.

இந்த நகரத்தின் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வாய்க்கால், சாலை, தெருவிளக்கு இவற்றை ஒழுங்காகப் பராமரிக்க எத்தனை பேர் வேண்டும்?

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அட்டவணை உண்டு. பட்ஜெட்டின் பின்னிணைப்பில் ஒன்று, ஆண்டறிக்கையின் 4ஆம் அத்தியாயத்தில் ஒன்று. துறைவாரியாகப் பணியிடம் இவ்வளவு, நிரம்பியது இவ்வளவு, காலி இவ்வளவு என்று கட்டம் கட்டிக் காட்டுகிற அட்டவணைகள். நான் கணக்கெழுதிப் பிழைத்தவன், அட்டவணையைக் கண்டால் விடமாட்டேன். அந்தக் காலியிட விழுக்காடு எதோடு ஒப்பிட்டுப் போடப்படுகிறது? ஒப்புதல் பெற்ற பணியிடப் பட்டியலோடு. அந்தப் பட்டியல் எதை வைத்துப் போடப்படுகிறது? பெரும்பாலும் கையில் இருக்கிற பணத்தை வைத்து. ஆகவே காலியிட விழுக்காட்டைக் குறைக்க எந்த நகராட்சிக்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆளை எடுக்கலாம், அல்லது அந்த இடத்தையே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். தாளில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான். தெருவுக்கு அடியில் போகிற குழாய் மட்டும் அதை ஒத்துக்கொள்ளாது.

இதே மடலை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது நம்மவர்களுக்காக. இந்த ஊரின் சாக்கடையையும் சாலையையும் ஒரு காலத்தில் யார் கை பார்த்துக்கொண்டது என்பதை அவர்கள் பேச்சோடு பேச்சாக மறந்துகொண்டு வருகிறார்கள்.

என் அப்பா மேக்சீன் பேரக்ஸில் பிறந்தவர். சொம்ட்சியூ சாலையோரம், பழைய வெடிமருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில், டர்பன் கார்ப்பரேஷன் தன்னுடைய இந்தியத் தொழிலாளர்களுக்காக 1880களிலிருந்து கட்டிவைத்த லைன் வீடுகள் அவை. தமிழும் தெலுங்கும்தான் அங்கே அதிகம். குப்பை வண்டி, மலவாளி, பூங்கா, ரோட்டு வேலை, சாக்கடை என்று நகரத்தின் கைவேலை முழுவதும் அந்தக் குடியிருப்பிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டுப் போகும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களைப் பற்றி விழா மேடைகளில் கரும்புத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஒப்பந்தம் முடிந்ததும் தோட்டத்தை விட்டு வந்தவர்களில் ஒரு பெரும் பகுதி கார்ப்பரேஷனில் சேர்ந்ததை மேடையில் யாரும் சொல்வதில்லை. சாக்கடை வேலை விழாவுக்கு ஆகாது போலிருக்கிறது.

அப்பா சாக்கடைக் கேங்கில் இருந்தார். அடைப்பு எடுக்கிற வேலையை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரும்புக் கொக்கியால் மூடியை நெம்பித் திறந்ததும் உடனே இறங்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் காற்றுப் போகவிடுவார்கள். பிறகு பிரம்புக் கழிகள். ஒவ்வொரு கழியின் முனையிலும் பித்தளைத் திருகு இருக்கும். ஒன்றோடொன்று திருகிப் பூட்டி உள்ளே விடவேண்டும். விடும்போது வலப்பக்கமாகவே சுழற்றிக்கொண்டு போகவேண்டும், மாற்றிச் சுழற்றினால் பூட்டு கழன்று பாதிக் கழி உள்ளேயே தங்கிவிடும். இரண்டு பேர் இந்த மூடியில் கழியைத் தள்ள, இன்னொருவர் அடுத்த மூடியில் குனிந்து காதை வைத்துக்கொண்டிருப்பார். கழி எதில் முட்டுகிறது, வேரிலா, மண்ணிலா, உடைந்த ஓட்டுக் குழாயிலா என்பதை அந்த மூன்றாவது ஆள் ஓசையில் சொல்வார். நான்காவது ஆள் வண்டிகளை ஒதுக்கி விடுவார். கேங்கின் மேஸ்திரியான சர்தார் மேலே நின்று எழுதிக்கொள்வார். ஒரே ஓர் அடைப்புக்கு இத்தனை பேர். இதில் யாரைக் கழித்தாலும் வேலை நடந்துவிடும் என்பது உண்மைதான். காது வைக்கிற ஆளைக் கழித்தால் அடைப்பு எடுபடும், ஓடு உடைந்திருப்பது மட்டும் தெரியாமலே போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் சாலை உள்வாங்கும்.

வசந்த காலம் வந்ததும், பெருமழை தொடங்குமுன்னே, ரோட்டோர மழைநீர் வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மண் அள்ளுவார்களாம். யாரும் புகார் கொடுக்கமாட்டார்கள், எதுவும் அடைத்திருக்காது. ஆனாலும் அள்ளுவார்கள். எங்களிடம் சொல்லும்போது அப்பா அதில்தான் அதிகப் பெருமைப்பட்டார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த ஏற்பாட்டில் ஆள் தாராளமாக இருந்ததற்குக் காரணம், ஆள் மலிவாக இருந்தது. பேரக்ஸில் வைத்திருந்ததால் நள்ளிரவில் குழாய் உடைந்தாலும் ஆளைத் தட்டி எழுப்பிவிடலாம். அவர்களைக் கேட்டு யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. நடாலில் இந்தியருக்கு மிச்சமிருந்த நகராட்சி வாக்குரிமையையும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் பறித்துவிட்டது. 1913 நவம்பரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நடால் முழுவதும் வேலைநிறுத்தம் பரவியபோது டர்பன் கார்ப்பரேஷன் ஆட்களும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். 1973 பிப்ரவரியில் மறுபடியும். செங்கல் சூளையில் ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகராட்சிக்குள் வந்தபோது, ஆப்பிரிக்கரும் இந்தியருமாக ஏறத்தாழ 16,000 நகராட்சித் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். நகரம் தன்னை யார் ஓடவைக்கிறார்கள் என்பதை அந்த வாரத்தில்தான் எண்ணிப் பார்த்தது.

அதோடு, அந்த ஏற்பாடு பராமரித்தது எந்த நகரத்தை? வெள்ளைக்காரர் குடியிருந்த பேட்டைகளை. ஆப்பிரிக்கர் குடியிருந்த குவாமாஷுவும் உம்லாசியும் இனாண்டாவும் அந்தக் கணக்கில் ஏது? பேரக்ஸையே 1960களில் இடித்து, அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால். அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் கட்டிய வீடுகள், அதே அவசரத்தில் பதித்த குழாய்கள். அவற்றுக்கு இப்போது வயது அறுபது.

ஆகவே பழைய விகிதத்தைக் கொண்டுவந்து இன்றைக்குப் பொருத்த முடியாது. 2011 கணக்கெடுப்பில் 34 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2022இல் 42 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகராட்சியின் பரப்பு 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மலையும் பள்ளத்தாக்கும் சிற்றூருமான நிலம். 27 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள். இத்தனைக்கும் எத்தனை கை வேண்டும் என்பது எனக்குப் புதிராக இருப்பதில் வியப்பில்லை. உங்களுக்கு இருக்கக்கூடாது.

விசித்திரம் என்னவென்றால், ஆலைக்கு மட்டும் இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. குடிநீர் ஆலையானாலும் கழிவுநீர் ஆலையானாலும் அதன் அளவையும் சிக்கலையும் பொறுத்துத் தரம் பிரித்து, இந்தத் தரத்துக்கு ஆலையை இயக்க இந்தத் தகுதியுள்ளவர்கள் ஷிஃப்டுக்கு இத்தனை பேர் இருக்கவேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதியே சொன்னது. 2023இல் அதைப் புதுப்பித்தும் விட்டார்கள். கழிவுநீர் ஆலைகளுக்கு அரசு மதிப்பெண் போடுகிற பச்சைத் துளி அறிக்கையில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அந்த விதி ஆலையின் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் போகிறது, பம்பு நிலையங்கள் இருக்கின்றன, மூடிகள் இருக்கின்றன. அங்கே எத்தனை பேர் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறது சட்டம். கழிவு ஆலையை எட்டுவதற்கு முன்பே வழிந்து ஆற்றில் கலந்தால் ஆலையின் ஆள்கணக்குச் சரியாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

பணம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. தேசிய நிதித்துறை 2014இல் அனுப்பிய 71ஆம் எண் சுற்றறிக்கையை நான் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நகராட்சியின் மொத்த நடைமுறைச் செலவில் ஊழியர் செலவு 25 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். ஒப்பந்தச் சேவைகள் 2 முதல் 5 விழுக்காட்டுக்குள். பழுதுபார்ப்பும் பராமரிப்பும் சொத்துகளின் கணக்குமதிப்பில் 8 விழுக்காடு. மூன்று அளவுகோல்கள். முதல் அளவுகோல் நிதிக்குழு கூடும்போதெல்லாம் பேசப்படுகிறது: ‘சம்பளச் செலவு ஏறுகிறது, ஆளெடுப்பை நிறுத்து.’ மூன்றாவதை நாட்டின் நகராட்சிகளில் பெரும்பாலானவை எட்டுவதே இல்லை என்று தலைமைத் தணிக்கையாளர் திரும்பத் திரும்ப எழுதுகிறார், அதற்காக யாரும் எதையும் நிறுத்தியதில்லை.

முதல் அளவுகோலில் எனக்கு இருக்கிற சண்டை இதுதான். அதில் பிளம்பரும் ஊழியர், மேயர் அலுவலக ஆலோசகரும் ஊழியர், சாக்கடை இறங்குகிறவரும் ஊழியர், மூன்றாம் மாடியில் இன்னொரு துணை இயக்குநரும் ஊழியர். நூற்றுக்கு முப்பது என்று ஒரு நகராட்சி எழுதிக்கொண்டால், அந்த முப்பதில் தெருவில் நிற்கிறது எவ்வளவு, நாற்காலியில் இருக்கிறது எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. ஆளெடுப்பை நிறுத்தும்போது எந்த இடம் முதலில் காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பு உழைப்பு உள்ள இடம்தான். அங்கேதான் ஆட்கள் அறுபதுக்கு முன்பே முதுகு போய் ஓய்வு பெறுகிறார்கள். நாற்காலிகள் அவ்வளவு சீக்கிரம் காலியாவதில்லை. ஆகவே எல்லாருக்கும் பொதுவாகப் போடுகிற ஆளெடுப்புத் தடை, நடைமுறையில் பிளம்பருக்கும் ஃபிட்டருக்கும் மட்டும் போட்ட தடையாக ஆகிவிடுகிறது. யாரும் அப்படித் திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். கணக்கின் குணம் அது.

வெளியேறுகிற வேலை இரண்டு இடங்களில் வேறு பெயரில் திரும்பி வருகிறது. ஒன்று ஓவர்டைம், இன்னொன்று காண்டிராக்ட். ஓவர்டைம் கணக்கு ஊதிப்போன எந்த நகராட்சியையும் நாளேடுகள் ஊழல் என்று எழுதும். சில இடத்தில் அது ஊழலாகவும் இருக்கும். ஆனால் கணக்குப் பிள்ளையாக நான் சொல்வேன்: ஒரே பராமரிப்பு டிப்போவில் ஆண்டுதோறும் ஓவர்டைம் அதே அளவு வந்துகொண்டிருந்தால், அது அங்கே நிரப்பப்படாமல் கிடக்கிற பணியிடங்களின் சம்பளம். ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்குகிறோம். காண்டிராக்ட்டில் இன்னொரு வகை இழப்பு. காண்டிராக்டரின் ஆள் இன்றைக்கு இந்தத் தெருவில் தோண்டுவார், அடுத்த ஆண்டு டெண்டர் வேறொருவருக்குப் போகும். தாருக்கு அடியில் புதைந்துபோன வால்வு எந்த வீட்டு மாமரத்துக்கு எதிரே இருக்கிறது என்று தெரிந்தவர் அவரோடு போய்விடுவார். பெரிய குழாய் உடையும்போது அந்த வால்வைத் தேடுகிற நேரத்தில் ஓடுகிற தண்ணீரை யார் கணக்கில் எழுதுவது?

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் எனக்கு வருத்தமும் பெருமையும் சேர்ந்தே வரும். ஏழை வீடுகளுக்கு இலவச அடிப்படைக் குடிநீர் கொடுக்க முடியும் என்று 1990களின் கடைசியில் செய்து காட்டியது டர்பன். அதைப் பார்த்துத்தான் நாடு முழுவதற்கும் 2001இல் கொள்கை வகுத்தார்கள். 2014இல் ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருது இந்த நகராட்சியின் நீர், துப்புரவுத் துறைக்குக் கிடைத்தது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன துறை. இன்றைக்கு அதே நகரத்தில், காசு கொடுத்து வாங்கிக் குழாயில் விடுகிற தண்ணீரில் பாதிக்கு மேல் வருமானம் தராமல் போகிறது. நாடு முழுவதற்குமான சராசரியே 47 விழுக்காடு என்று 2023ஆம் ஆண்டின் அரசு அறிக்கை சொல்கிறது. நாம் அதற்கும் மேலே.

இதில் எல்லாமே கசிவு இல்லை. திருட்டு இணைப்பு உண்டு, மீட்டர் இல்லாத பகுதி உண்டு, போடாத பில்கள் உண்டு. ஆனால் இவற்றில் எதைச் சரிசெய்யவும் ஆள்தான் வேண்டும். மீட்டரை நேரில் போய்ப் பார்க்க ஆள், இரவில் குழாயோடு நடந்து கசிவின் ஓசை கேட்க ஆள், இணைப்பை முறைப்படுத்தப் பேட்டைக்குள் போய்ப் பேச ஆள். 2007ஐ ஒட்டித் தொடங்கி, ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தோண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் பதித்தோம். பெரிய வேலை, நல்ல வேலை, நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவ்வளவுக்குப் பிறகும் இழப்பு ஏறியிருக்கிறது என்றால், குழாயை மாற்றுவதற்குத் திட்டமும் கடனும் ரிப்பன் வெட்டுகிற விழாவும் கிடைக்கின்றன, மாற்றிய குழாயின் அழுத்தத்தை அன்றாடம் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் என் முடிவு. உங்கள் பொறியாளர்கள் வேறு காரணம் சொன்னால் கேட்கக் காத்திருக்கிறேன்.

பொறியாளர்கள் என்று சொன்னேன். 1994இல் நாட்டின் நகராட்சிகளில் ஒரு லட்சம் மக்களுக்கு 20 குடிசார் பொறியியல் வல்லுநர்கள் இருந்தார்கள், 2005இல் அது மூன்றாகக் குறைந்திருந்தது என்று தென்னாப்பிரிக்கக் குடிசார் பொறியியல் கழகத்தின் ஆய்வு சொன்னது. ஒன்றை மறைக்கக்கூடாது: 1994க்கு முந்தைய கணக்கில் சேவையே பெறாத மக்கள் எத்தனையோ லட்சம். மக்கள் எல்லாரையும் சேர்த்த பிறகு ஆளும் கூடியிருக்கவேண்டும் அல்லவா, குறைந்திருக்கிறது. அதே கழகம் 2022இல் நாட்டின் கட்டமைப்புக்குக் கொடுத்த மதிப்பெண் ‘டி’.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையை எந்த வாய்க்காலும் தாங்கியிருக்காது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டோங்காட் குடிநீர் ஆலையே அடித்துக்கொண்டு போய், அந்த ஊர் மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. அதற்கெல்லாம் சாக்கடை அள்ளாததுதான் காரணம் என்று சொல்கிறவன் பொய்யன். ஆனால் அப்படிப்பட்ட மழை முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது, பூமி சூடாகிப்போனதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நடுவில் வருகிற நூறு, நூற்றைம்பது மில்லிமீட்டர் மழைகள் இருக்கின்றனவே, அவற்றில்தான் அள்ளிய வாய்க்காலுக்கும் அள்ளாத வாய்க்காலுக்கும் வேறுபாடு தெரியும். அந்த மழைக்குச் செய்தித்தாளில் இடம் இல்லை.

வெள்ளம் என்றால் நம்மவர்கள் உடனே 1917ஐச் சொல்வார்கள். அந்த அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, இந்தியர் குடியிருந்த டின்டவுனை மூழ்கடித்தபோது, மீன்பிடிக்கிற ஆறு பேர் சிறுபடகில் திரும்பத் திரும்பப் போய் 176 உயிர்களைக் கரைசேர்த்தார்கள். படவட்டன் அறுவர் என்று இன்றைக்கும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான், நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் அதிகாரிகள் தன்னார்வலர்களைப் புகழத் தொடங்கும்போது என் காது கூர்மையாகிவிடும். பள்ளத்தை நாங்களே மூடிக்கொண்டோம், பூங்காவை நாங்களே வெட்டிக்கொண்டோம் என்று சங்கங்கள் பெருமையாகச் சொல்ல, மேடை கைதட்டுகிறது. தட்டுகிற கை ஆளெடுப்பு உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டிய கை. வசதியுள்ள பேட்டை காசு சேர்த்துப் பள்ளத்தை மூடிக்கொள்ளும். மற்ற பேட்டை?

குறையை மட்டும் சொல்லிப் போகக்கூடாது. இந்த நகரத்துக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. மாகாணப் போக்குவரத்துத் துறை 2000இல் தொடங்கிய சிபாம்பேலே திட்டம். ஏழைக் குடும்பம் ஒன்றுக்குச் சாலையின் ஒரு துண்டைக் கொடுத்து, ஓரத்துப் புல்லையும் வடிகாலையும் மாதம் இத்தனை மணி நேரம் பார்த்துக்கொள், இவ்வளவு ஊதியம் என்று சொல்லிவிடுவது. பெரும்பாலும் பெண்கள் தலைமையில் நடக்கிற குடும்பங்கள். இதை நகராட்சியும் எடுத்துக்கொண்டது. இன்னொன்று உங்களுடைய சிஷ்லான்சிம்வேலோ. சிற்றோடைகளைத் துண்டு போட்டு, ஓடைக்கரையிலேயே குடியிருக்கிறவர்களைக் கூட்டுறவுகளாக்கி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடையைப் பிரித்துக் கொடுத்தீர்கள். அந்தக் குழுக்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? முழங்கால் ரப்பர் பூட்ஸோடு இறங்கி, அந்நியச் செடியை வேரோடு பிடுங்கி, சிக்கியிருக்கிற டயரையும் மெத்தையையும் கயிறு கட்டி இழுத்துப் போட்டு, சாலைக்கு அடியில் போகிற மதகின் வாயில் குனிந்து பார்ப்பார்கள். தண்ணீரின் நிறம் மாறியிருந்தால் மேலே எங்கோ சாக்கடை உடைந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பதும் அவர்கள்தான். தினமும் பார்க்கிற கண் அது.

இரண்டு திட்டத்திலும் முதலில் எழுதப்பட்டது நீளம். இவ்வளவு நீளத்துக்கு இத்தனை பேர். அந்த எளிய கணக்கைத்தான் குழாய்க்கும் மூடிக்கும் மழைநீர் வாய்க்கும் போடச் சொல்கிறேன். இவற்றிலும் ஒரு குறை உண்டு, ஊதியம் சொற்பம், நிரந்தரமும் இல்லை. ஓடையைச் சுத்தம் செய்ய ஏழையின் தற்காலிக உழைப்பும் கோப்பை நகர்த்த நிரந்தர ஊழியரும் என்று பிரித்துவைத்திருப்பதில் பேரக்ஸின் வாடை எனக்கு அடிக்கிறது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஆளெடுப்பைத் திறந்துவிட்டால் கட்சிக்காரரின் மைத்துனர்தான் உள்ளே வருவார் என்பார்கள். வரக்கூடும். அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் கேட்காமல் டிப்போவையும் தொழிலையும் சேர்த்துக் கேட்கிறேன். தொழில்தேர்வு எழுதித் தேறிய பிளம்பரின் இடத்தில் மைத்துனரை உட்காரவைப்பது கொஞ்சம் கடினம். இருக்கிற ஆட்களே வேலை செய்வதில்லை என்பார்கள். 2024 பிப்ரவரி, மார்ச் வேலைநிறுத்தத்தின்போது குப்பை குவிந்த தெருவில் நின்றுகொண்டு எல்லாரும் இதைச் சொன்னார்கள். ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன் நகராட்சி ஊழியருக்குச் சமமான ஊதியம் கேட்ட நிறுத்தம் அது. அதில் நடந்த அடாவடிகளை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்கிறாரா, ஒருவர் வேலையை மூன்று பேர் சேர்ந்து செய்யாமல் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானாலும் முதலில் எத்தனை பேர் வேண்டும் என்ற எண் வேண்டும். அது இல்லாமல் சோம்பேறி என்று திட்டுவதும் பாவம் என்று இரங்குவதும் வெறும் வாய்ப்பேச்சு.

ஆகவே, வரைவு பட்ஜெட்டோடு ஓர் இணைப்பைச் சேர்க்கும்படி மன்றத்தைக் கேட்டுக்கொள்கிறேன். டிப்போ ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். அதன் பொறுப்பில் உள்ள குடிநீர்க் குழாய் எத்தனை கிலோமீட்டர், சாக்கடை எத்தனை, மூடிகளும் பம்பு நிலையங்களும் எத்தனை, அவற்றுக்கு எத்தனை பிளம்பர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், உதவியாளர் வேண்டும் என்று உங்கள் பொறியாளர்கள் கணிக்கிறார்கள், இன்றைக்கு எத்தனை பேர், ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போவது எத்தனை பேர், கடந்த ஆண்டு அந்த டிப்போவின் ஓவர்டைம் எவ்வளவு. கணிப்பு எப்படிப் போடப்பட்டது என்பதையும் எழுதுங்கள். குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் பொறியியல் துறைக்குக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. எண் பெரிதாக வந்து, அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். வேண்டியது இவ்வளவு, எங்களால் முடிந்தது இவ்வளவு, இடைவெளி இவ்வளவு. அந்த இடைவெளி எந்தப் பேட்டையில் விழுகிறது என்று எங்களுக்குத் தெரியட்டும். பிறகு எதைக் குறைத்து எதைக் கூட்டலாம் என்று நாங்களும் பேசலாம்.

இன்னும் இரண்டு. புதிய சாலை, புதிய நீர்த்தேக்கம், புதிய பம்பு நிலையம் எதற்கு மன்றம் ஒப்புதல் கொடுத்தாலும், அது திறக்கும் நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர், அவர்களின் சம்பளம் எந்தத் தலைப்பில் என்று அதே தீர்மானத்தில் எழுதுங்கள். எழுத முடியாத திட்டத்தை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். ஓய்வு பெறப்போகிற ஒவ்வொரு கைத்தொழிலாளரோடும் ஓர் இளைஞரை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். வேலையில்லாமல் தெருமுனையில் நிற்கிற பிள்ளைகளுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. அவர்களுக்குச் சில மாதக் காண்டிராக்டில் துடைப்பம் கொடுத்து அனுப்புவதைவிட, வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளோடு இரண்டு மூன்று ஆண்டு நடக்கவிட்டால் நகரத்துக்கு ஒரு பிளம்பர் மிஞ்சுவார்.

உள்ளாட்சித் தேர்தல் வேறு நெருங்குகிறது. வாக்குக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரரிடமும் இதே அட்டவணையைத்தான் கேட்கப்போகிறோம். ஏப்ரல் கூட்டத்தில் சாட்ஸ்வொர்த்திலிருந்து நான் எழுந்து நிற்பேன். டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் பக்கத்து நண்பர்களையும் அவரவர் கூட்டத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பதில் வந்தால் அதை அப்படியே தமிழில் எழுதி வெளியிடுவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வரிதாரர் ஒருவர்